இருளில் எழுதிய விளக்கு

இரவை எவ்வாறு வரைவது? கருமையைப் பூசினால் உருவங்கள் மறையும். உருவங்களைத் துலக்கினால் இரவு பகலாகிவிடும். நம் நாட்டுப் பழைய சிற்றோவியர்கள் இச்சிக்கலை எளிதில் கடந்தனர். வானில் பிறையும் விண்மீன்களும், ஏவலன் கையில் ஒரு தீவட்டியும் இருந்தால் அதுவே இரவு. ஏனையவெல்லாம் நண்பகலிற் போலத் தெளிவாகத் தோன்றும். காண்போரும் இவ்வழக்கை அறிந்தவர்களாதலால் எவரும் குறை கூறவில்லை.

1580-ஆம் ஆண்டில் கோவாவிலிருந்து பதேபூர் சிக்ரிக்கு வந்த ஏசு சபைப் பாதிரிமார், செதுக்குப் படங்கள் கொண்ட பன்மொழி விவிலியம் ஒன்றை அக்பருக்குக் காணிக்கையாக்கினர். இத்தகைய ஐரோப்பியப் படங்களில் ஒளியும் நிழலும் சேர்ந்து உருவத்துக்குத் திரட்சி தருவதை அரசவை ஓவியர்கள் உற்று நோக்கினர். (இவ்வுத்தியின் இத்தாலியப் பெயரை நான் 'ஒளிநிழல்' என்றே மொழிபெயர்த்து வருகிறேன், இதனினும் நல்ல சொல் இன்னும் அகப்படவில்லை.)

ஆனால் நகலெடுப்பதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. ஷாஜகான் காலத்தில் புகழ் பெற்ற பயாக் என்பவர், பால்சந்த் என்னும் ஓவியரின் உடன்பிறந்தவர். இரவுக் காட்சிகளில் வல்லவர். தீயையோ மெழுகுவர்த்தியையோ வைத்து, அதன் ஒளி எட்டும் அளவுக்கே முகங்களை வெளிக்கொணர்ந்தார். எட்டாதவை இருளிற் கரைகின்றன.

இவ்வோவிய மரபில் பொன்னைப் பொடித்துப் பசையுடன் குழைத்துத் தீட்டி, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகிடுவர். ஏட்டைக் கையில் ஏந்திச் சற்றே சாய்த்தால் அப்பொன் மின்னி அடங்கும். தாளிலுள்ள விளக்கு அசைவது போலிருக்கும். புகைப்படத்திலோ அது மங்கிய மஞ்சளாகவே பதிகிறது. ஆதலின் அச்சுப் புத்தகத்தைப் பார்த்து இவற்றை எடைபோடுவது எனக்கு உடன்பாடன்று.

மேனாட்டாரிடம் கற்றார்கள் என்று மட்டும் கூறிக் கதையை முடிப்போர் உளர். மறுபாதி ஆம்ஸ்டர்டாம் நகரில் நடந்தது. ஒளிநிழலில் ஈடற்றவராகிய ரெம்பிராண்ட், 1656-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மொகலாய ஓவியங்களைப் பார்த்து, ஆசியாவிலிருந்து வந்த தாளில் கோட்டுப்படங்கள் வரைந்தார். 20-க்கும் மேற்பட்டவை எஞ்சியுள்ளன. ஷாஜகானின் உருவமும் அவற்றில் உண்டு. மரத்தடியில் அமர்ந்த முதியோர் நால்வரைக் காட்டும் படம் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அதன் சாயலை, ஆபிரகாம் வானவரை உபசரிக்கும் அவருடைய 1656-ஆம் ஆண்டுச் செப்புத்தகட்டுப் படத்திலும் காணலாம். அவ்வாண்டிலேதான் அவர் கடனில் மூழ்கினார்; அரிதிற் சேர்த்த கலைப்பொருள்கள் ஏலத்துக்குச் சென்றன. நம்மவர் ஓவியங்களில் அவர் நாடியது ஒளியை அன்று. உடையின் மடிப்பையும், மாந்தர் அமர்ந்திருக்கும் நிலையையுமே.