சூசை என்னும் பெயர்: பங்குப் புத்தகத்திலிருந்து நீதிமன்றம் வரை



உச்ச நீதிமன்றத் தீர்ப்புத் தொகுதிகளில் ‘சூசை எதிர் இந்திய ஒன்றியம்’ என்றொரு வழக்கு இருக்கிறது. ஆண்டு 1985. சென்னையில் ரத்தன் பஜாரும் ஈவினிங் பஜாரும் சந்திக்கும் முனையில், நடைபாதையில் உட்கார்ந்து செருப்புத் தைத்தவர் சூசை. ஆதிதிராவிடர், கிறித்தவர். தெருவோரத்தில் செருப்புத் தைப்பவர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. இந்து ஆதிதிராவிடருக்குக் கிடைத்தது, அதே வேலையைச் செய்த சூசைக்குக் கிடைக்கவில்லை. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி அவரைத் தடுத்தது. பிறகு அந்தப் பத்தி 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் வழிவிட்டது. சூசைகளுக்கு இன்றுவரை விடவில்லை.

இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? குலதெய்வத்தின் பெயரும் அல்ல, பிறந்த கிழமையின் பெயரும் அல்ல. இயேசுவின் வளர்ப்புத் தந்தை, தச்சுத் தொழிலாளியான யோசேப்பின் பெயர் அது. போர்த்துக்கீசியர் ‘ஜொசே’ என்றது தமிழ் நாவில் சூசை ஆயிற்று. சீர்திருத்த சபையார் யோசேப்பு என்றார்கள். வீரமாமுனிவர் தேம்பாவணியில் வளன் என்று தமிழாக்கிப் பாட்டுடைத் தலைவனாக்கினார். புலவர்களுக்கு வளன், சேரிக்குச் சூசை. வளன் என்று பெயர் வைத்த பழைய சேரி வீடு ஒன்றைக்கூட நாங்கள் பார்த்ததில்லை.

பங்குப் புத்தகங்களில் சூசையைத் தேடுகிறவர்களுக்கு முதலில் ஏமாற்றந்தான். அந்தப் பெயரே அங்கே இருக்காது. குருக்கள் இலத்தீனில் எழுதினார்கள். சூசை ‘யோசேப்புஸ்’ ஆகிவிடுவார். இராயப்பன் பெத்ருஸ், சின்னப்பன் பவுலுஸ், அருளப்பன் யோவான்னெஸ். ஒரே பக்கத்தில் நாலு யோசேப்புஸ் இருந்தால் நம் பாட்டன் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஞானப்பெற்றோரைப் பார்க்க வேண்டும். தாயின் பெயர் உதவாது, பாதிப்பேர் மரியாள். ஊரைப் பார்க்க வேண்டும். 1908க்குப் பிந்திய கலியாணமாக இருந்தால் ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் அது குறிக்கப்பட்டிருக்கும். ‘நே தேமெரே’ ஆணைக்குப் பிறகு வந்த வழக்கம் இது. அந்த ஓரக் குறிப்பைப் பிடித்துக்கொண்டு கலியாணப் புத்தகத்துக்குப் போகலாம், அங்கிருந்து பிள்ளைகளுக்கு வரலாம். திரெந்து பொதுச்சங்கம் 1563இல் கலியாணப் பதிவைக் கட்டாயமாக்கியதும், 1614இன் உரோமைச் சடங்குநூல் ஞானஸ்நானம், உறுதிப்பூசுதல், கலியாணம், குடும்பக் கணக்கு, இறப்பு என ஐந்து புத்தகங்கள் வைக்கச் சொன்னதும் நமக்காக அல்ல. ஆனாலும் நிலப் பட்டாவில் இடம் கிடைக்காத நம்மவர்களின் பெயர், அப்பன் பெயரோடு, தேதியோடு எழுதப்பட்டது அங்கேதான்.

மேலே போகப் போகப் பெயர் அறுந்துவிடும். 1876–78 தாது வருசப் பஞ்சத்தையொட்டி நம் மக்கள் கூட்டங்கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றார்கள். வட ஆர்க்காட்டில் சேத்துப்பட்டு தர்ராஸ் சாமியாரின் பணி இந்தக் காலத்தில்தான் பெருகியது. வயதுவந்தவர் ஞானஸ்நானம் பெறும் நாளில் யோசேப்புஸ் ஆகப் பிறக்கிறார். அதற்கு முந்திய நாள் வரை அவரை ஊர் என்ன சொல்லிக் கூப்பிட்டது என்பதைப் பல பதிவுகள் சொல்வதில்லை. கஞ்சிக்காக வந்தார்கள் என்று ஏளனம் பேசுகிறவர்கள் உண்டு. கஞ்சி கொடுக்காதவர்கள் யார் என்பதை அவர்கள் பேசுவதில்லை.

ஆனால் ஒன்று அறுபடாமல் வருகிறது. நாங்கள் புரட்டிய பழைய புத்தகங்களில் யோசேப்புஸ் என்ற பெயருக்குப் பக்கத்திலேயே சாதியும் எழுதப்பட்டிருந்தது. பெயர் மாறியது, அந்தச் சொல் மாறவில்லை. தண்ணீர் ஊற்றிய கையே அதையும் எழுதியது.

இனி 1985க்கு வருவோம். மதம் மாறிய பின்னும் சாதி தொடரலாம் என்பதை நீதிமன்றம் மறுக்கவில்லை. ஆனால் இந்துச் சமூகத்தில் இருந்த ஒடுக்குமுறை அதே கடுமையோடு கிறித்தவத்திலும் தொடர்கிறது என்று காட்டப் போதிய ஆதாரம் வைக்கப்படவில்லை என்று சொல்லிச் சூசையின் மனுவைத் தள்ளியது. ஆதாரம் இல்லையாம்! அது எழுதப்பட்ட புத்தகங்கள் கோயில் அலமாரிகளில் பூட்டிக் கிடந்தன. 2008இல் எறையூர், கல்லறையும் சவவண்டிப் பாதையும் யாருக்கு என்ற சண்டையை நாட்டுக்கே காட்டியது. 2016இல் கத்தோலிக்க ஆயர் பேரவையே தன் தலித் கொள்கை ஆவணத்தில் திருச்சபைக்குள் தீண்டாமை நிலவுவதை ஒப்புக்கொண்டது.

2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்துக்குப் புதுச்சேரியிலிருந்து ஒரு பெண்ணின் வழக்கு வந்தது. வேலைக்காக ஆதிதிராவிடர் சான்றிதழ் கேட்டிருந்தார். அவர் குழந்தையாக இருந்தபோது, 1991இல், கொடுக்கப்பட்ட ஞானஸ்நானத்தின் பதிவு அவருக்கு எதிரான ஆதாரங்களில் ஒன்றாக எடுத்துக்கொள்ளப்பட்டது. சான்றிதழ் மறுக்கப்பட்டது. அப்படியானால் பங்குப் புத்தகம் நீதிமன்றத்தில் செல்லும். பெயரை நம்புவார்கள், பக்கத்திலுள்ள சாதிச் சொல்லை மட்டும் நம்பமாட்டார்கள். நம் வீடுகளில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெயரும் பூசைக்கு ஒரு பெயரும் ஏன் இருக்கின்றன என்று கேட்பவர்களுக்கு இந்த வழக்கைக் காட்டினால் போதும்.

மதம் மாறிய தலித்துகளின் நிலையை ஆராய 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையம் அமைக்கப்பட்டது. இதுபோன்ற எந்த ஆணையத்தின் முன்பும் நாம் வைக்க வேண்டியவை அந்தப் புத்தகங்களின் பக்கங்கள். தாள்கள் மடித்தால் உடைகின்றன, மை மங்குகிறது. உங்கள் பங்குச் சாமியாரிடம் கேளுங்கள். யோசேப்புஸ் என்று ஒரு வரி கிடைத்தால் பெயரை மட்டும் படியெடுக்காதீர்கள். வரி முழுவதையும் எடுங்கள்.