இலையும் பந்தியும்

மத்தியதரைக் கடலின் நடுவே, சிசிலிக்குத் தெற்கே கிடக்கும் சிறு தீவு மால்தா. பவுலடியார் கைதியாக உரோமைக்குக் கொண்டு செல்லப்பட்டபோது, கப்பல் சிதைந்து கரையேறிய இடம் அது. திருத்தூதர் பணிகள் நூலின் 27, 28ஆம் அதிகாரங்களை நாம் புயலுக்காகவும், பவுலின் கையைக் கவ்விய பாம்புக்காகவுமே பெரும்பாலும் நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் அவ்விரு அதிகாரங்களும் உணவைப் பற்றியும் பேசுகின்றன. பதினான்கு நாள்களாகச் சரியாக உண்ணாதிருந்த 276 பேர் முன்னிலையில் பவுல் அப்பத்தை எடுத்து, கடவுளுக்கு நன்றி கூறி, பிட்டு உண்ணத் தொடங்குகிறார். பிறகு கப்பலின் பாரத்தைக் குறைக்க எஞ்சிய கோதுமை கடலில் எறியப்படுகிறது. வெறுங்கையராய்க் கரை சேர்ந்த அவர்களை முன்பின் அறியாத தீவு மக்கள் மழையிலும் குளிரிலும் தீ மூட்டி வரவேற்கின்றனர். லூக்கா அம்மக்களைச் சுட்டும் சொல், கிரேக்கம் பேசாத பிற இனத்தாரைக் கிரேக்கர் சற்று இளக்காரமாக அழைத்த சொல். அந்தப் ‘பிற இனத்தார்’ விருந்தோம்புகின்றனர். திருத்தூதர் மூன்று மாதம் விருந்தினராயிருக்கிறார். நற்செய்தி அத்தீவில் போதனையாக நுழையுமுன் பசித்த ஒரு மனிதராக நுழைந்தது.

அத்தீவின் அடுக்களை அதன் வரலாற்றையே தன்னுள் வைத்திருக்கிறது. 870 முதல் அராபியர், 1091 முதல் நார்மானியர், 1530 முதல் 1798 வரை புனித யோவான் சபையின் மாவீரர், பின்னர் 1964 வரை ஆங்கிலேயர் எனப் பலர் அங்கே ஆண்டனர். மக்கள் கத்தோலிக்கர், மொழியோ அரபு மொழியின் கிளை. கடவுளை அவர்கள் ‘அல்லா’ என்றே அழைக்கின்றனர். தவக்காலத்துக்கு அவர்களுடைய பெயர் ‘ரன்தான்’, அதாவது ‘ரமதான்’ என்பதன் உறவுச் சொல்! அத்தவக்காலத்திற்கெனக் கொழுப்போ முட்டையோ சேர்க்காமல், வாதுமையும் மாவும் கொண்டு ஒரு பலகாரம் சுடுகிறார்கள். அதன் பெயர் நாற்பது நாள்களைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. காலத்துக்கு அரபுப் பெயர், பலகாரத்துக்கு இத்தாலியப் பெயர், நோன்போ ஒன்றுதான். ‘ஃப்திரா’ எனப்படும் அவர்களுடைய தட்டையான புளித்த மாவு ரொட்டியை 2020ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. இன்று அங்குச் செல்லும் பயணிகள் உணவகத்தில் உண்டு திரும்புவதோடு நிற்பதில்லை. உள்ளூர்ச் சமையற்காரரின் பக்கத்தில் நின்று, மாவைத் தம் கையாலேயே பிசைந்து, அவர் சொல்லச் சொல்லக் கற்கின்றனர். நம் காரைக்குடியிலும் செட்டிநாட்டுச் சமையலை அவ்வாறே அந்நிய நாட்டார் வந்து கற்றுச் செல்கின்றனர்.

சுற்றுலாப் பயணிகளின் பொழுதுபோக்கு என்று இதை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. பிறர் வீட்டு அடுப்பின் முன் மாணவராக நிற்பவர், தம் நாட்டில் எவ்வளவு பெரியவராயிருந்தாலும், அந்த ஒரு மணி நேரத்திற்காவது சிறியவராகிறார். தமிழகத் திருச்சபையின் வரலாற்றில் இப்படிச் சிறியவராக முன்வந்தவர் யார், எந்த அளவுக்கு முன்வந்தார் என்பதே நான் இங்கே எண்ணிப் பார்க்க விரும்பும் செய்தி. அதற்கு நாம் திண்டுக்கல்லிலிருந்து ஒரு நாள் நடைப்பயணத்துக்குச் சற்றுக் கூடுதலான தொலைவிலுள்ள மதுரைக்கு, 1606ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும். நம் சமவெளியும் அன்று மதுரை நாயக்கர் ஆட்சிக்கு உட்பட்டதே.

அவ்வாண்டு மதுரைக்கு வந்த இயேசு சபைத் துறவி இராபர்ட் தே நோபிலிக்கு வயது 29. இத்தாலிய உயர்குடியில் பிறந்தவர். அவருக்கு முன்பே கொன்சாலோ பெர்னாந்தஸ் என்ற போர்த்துக்கீசியத் துறவி அங்கே பணியாற்றிக் கொண்டிருந்தார். முன்னாள் போர்வீரரான அவர், முத்துக்குளித்துறையிலிருந்து வாணிகத்திற்காக வந்துபோகும் பரதவ கிறிஸ்தவர்களைக் கண்காணித்து வந்தார். நல்ல மனிதர், ஆனால் மதுரை மக்களுக்கு அவர் ‘பரங்கி’. பரங்கி என்றால் மாட்டிறைச்சி உண்பவன், மது அருந்துபவன் என்பதே அன்று மக்கள் கொண்ட பொருள். கிறிஸ்தவனாவது பரங்கியாவது என்று அவர்கள் எண்ணினர். மறை எது என்று கேட்குமுன், அவர்கள் இலையில் என்ன இருக்கிறது என்று பார்த்தார்கள்.

தே நோபிலி இதை விரைவில் புரிந்துகொண்டார். காவியுடுத்தித் தனிக் குடிலுக்குப் போனார். புலால், முட்டை, மது அனைத்தையும் நீக்கினார். நாளுக்கு ஒரு வேளை. சோறு, காய்கறி, கனி, பால். சமைத்தவர் ஒரு பிராமணர். ‘தத்துவ போதகர்’ என்ற பெயரில் தமிழும் வடமொழியும் கற்ற அவரது கல்வியைப் பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. தரையில் சம்மணமிட்டு, இலையில், வலக்கையால் உண்ணக் கற்ற கல்வியைப் பற்றி எழுதுவார் குறைவு. இத்தாலிய மேசையில் வளர்ந்த ஓர் உடல், சோற்றுக்கும் ஒரு வேளை உணவுக்கும் பழகுவது எளிதன்று. மொழியை நாவு கற்றது. உணவையும் அதே நாவுதான் கற்க வேண்டியிருந்தது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் சமைக்கக் கற்கவில்லை. யார் சமைத்ததை உண்ண வேண்டும் என்பதைக் கற்றார். மதுரையின் அடுக்களையில் அவ்விரண்டும் வேறு வேறு. யார் கையால் வாங்குவது, யாருடன் அமர்வது என்னும் சட்டங்களையும் அச்சோற்றோடு சேர்த்தே அவர் ஏற்றுக்கொண்டார். அதன் விலையை முதலில் கொடுத்தவர் பெர்னாந்தஸ். ஒரே சபையைச் சேர்ந்த இரு துறவிகள், ஒரே நகரில், ஒரே பந்தியில் அமர இயலாமற் போயிற்று! 1610இல் பெர்னாந்தஸ் தம் மேலதிகாரிகளுக்கு எழுதிய முறையீட்டைப் பொறாமை என்று தள்ளிவிடுவது நம் வழக்கம். நான் அவ்வாறு எண்ணவில்லை. உடன்பிறப்பு ஒருவர் தன்னுடன் உண்ணாமல் எழுந்து செல்வதைக் கண்ட மனிதரின் வலியும் அதில் இருந்தது.

இவ்வலி திருச்சபைக்குப் புதிதன்று. அந்தியோக்கியாவில் பேதுரு முதலில் பிற இனத்தாரோடு அமர்ந்து உண்டார். யாக்கோபின் ஆள்கள் வந்ததும் அஞ்சி ஒதுங்கிக்கொண்டார். பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் நேருக்கு நேர் கண்டித்தார் என்று கலாத்தியர் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரம் கூறுகிறது. மால்தாவில் அந்நியர் தந்ததை உண்ட அதே பவுல்தான், அந்தியோக்கியாவில் பந்தி பிரிந்ததைப் பொறுக்காதவர். தே நோபிலியைப் போற்றுவோர் முதல் பவுலைக் காட்டுவர். குறைகூறுவோர் இரண்டாம் பவுலைக் காட்டுவர். இருவரும் ஒரே பவுல் என்பதுதான் சிக்கல்.

வழக்கு கோவாவுக்குப் போயிற்று; 1619இல் அங்கே கூடிய மாநாடு முடிவு காணாமல் கலைந்தது. இறுதியில் 1623 சனவரி 31 அன்று பதினைந்தாம் கிரகோரி திருத்தந்தை பூணூல், குடுமி, சந்தனம், நீராட்டு ஆகியவற்றைச் சில நிபந்தனைகளோடு அனுமதித்தார். அந்த ஆவணத்தின் இறுதிப் பகுதியை நம் வரலாற்று நூல்கள் விரைந்து கடந்துவிடுகின்றன. குடிப்பிறப்பில் உயர்ந்தோர் எளியோரை, சிறப்பாகக் கோவிலிலும் அருளடையாளங்களைப் பெறும் இடத்திலும், இகழலாகாது என்று திருத்தந்தை அதில் கேட்டுக்கொள்கிறார். சலுகையை மட்டும் எடுத்துக்கொண்டு வேண்டுகோளை விட்டுவிட்டோமோ என்று தோன்றுகிறது.

துறவிகளே இக்குறையை உணர்ந்தனர். 1640இல் பல்தசார் தா கோஸ்தா ‘பண்டாரசாமி’ என்னும் கோலத்தை ஏற்றார். பண்டாரம் எல்லாச் சாதியாரிடமும் செல்லலாம். தாழ்த்தப்பட்டோரின் தெருவிலும் அவருக்குத் தடையில்லை. பின்வந்தவர்களுள் மறைச்சாட்சி அருளானந்தரும் பண்டாரசாமியே. 1687இல் அவர் போர்த்துக்கல்லுக்கு அழைக்கப்பட்டபோது, அங்கேயும் புலாலும் மதுவும் நீக்கிய மறவ நாட்டு உணவு முறையையே தொடர்ந்தார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். அரசரின் நகரமான லிஸ்பனில், தம் பிறந்த மண்ணில், விருந்து மேசைகளுக்கு நடுவே அவ்வாறு வாழ்ந்தார். அங்கே எந்தச் சாதிச் சட்டமும் அவரைக் கட்டவில்லை. ஆதலால் அந்த உணவு அவருக்கு வேடமாக இருந்ததென்று யாரும் சொல்ல இயலாது. 1690இல் மீண்டும் இந்தியா வந்தார். 1693 பெப்ருவரி 4 அன்று ஓரியூரில் தலை கொடுத்தார்.

இடையில் ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடலாம். பரங்கி என்ற பெயரை உதறத் துறவிகள் அத்தனை பாடுபட்டனர். ஆனால் பரங்கியரின் கப்பல் வழி அமெரிக்காவிலிருந்து வந்த காய், ‘பரங்கிக்காய்’ என்ற பெயரோடேயே சைவப் பந்தியில் போய் அமர்ந்துகொண்டது! மிளகாயும் கொய்யாவும் அவ்வாறு வந்தவையே. காய்க்குச் சாதி கேட்காத நாக்கு, சமைத்தவருக்குக் கேட்டது.

பண்டாரசாமிகளாலும் பந்தி ஒன்றாகவில்லை. வெவ்வேறு மக்களுக்கு வெவ்வேறு துறவிகள் என்ற ஏற்பாடு, பிரிவை ஓரளவு நிலைப்படுத்தவும் செய்தது. வடக்கன்குளத்தில் ஒரே பீடத்தின் முன் சாதிவாரியாக மக்களைப் பிரித்து நின்ற சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. கோவிலுக்குள் சுவர் எழுப்பியவர்கள் எங்கேயோ ஓரிடத்தில் மட்டும் இருந்தார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். சுவர் இல்லாத ஊர்களில் இரண்டு பந்திகள் இருந்தன.

நம் திண்டுக்கல் சமவெளி வானம் பார்த்த பூமி. சோளமும் கம்பும் விளைந்த இம்மண்ணில் நெற்சோறு திருநாளுக்கு உரியது. அதனால்தான் இங்கே திருவிழாவின் உச்சம் தேர்ப்பவனியோடு முடிவதில்லை, அசனத்தில் முடிகிறது. ஆகஸ்டு மாதத்தில் நகரையொட்டிய முத்தழகுபட்டிப் புனித செபஸ்தியார் திருவிழாவைக் கண்டவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. நேர்ச்சையாக வரும் ஆடுகளும் கோழிகளும், மூட்டை மூட்டையாக அரிசியும் காய்கறியும் ஒரே சமையலாகி, வருவோர் அனைவருக்கும் பரிமாறப்படுகின்றன. இந்துக்களும் நேர்ச்சை கொண்டு வருகின்றனர். வந்து அமர்ந்து உண்கின்றனர். யார் வீட்டு ஆடு யார் இலையில் விழுந்தது என்று எவராலும் சொல்ல முடியாது. அசனத்தின் இறையியல் அனைத்தும் அந்த ஒரு கலப்பில் அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து.

எனினும் உண்ணும் பந்தி ஒன்றாவது எளிது. சமைக்கும் கை ஒன்றாவது கடினம். பெரும்பாலான ஊர்களில் அடுப்பு இன்னும் சிலருக்கே உரியதாக இருக்கிறது. விறகு சுமக்க ஒரு தெரு, அண்டாவில் துடுப்புப் பிடிக்க இன்னொரு தெரு. இதை யாரும் சட்டமாகச் சொல்வதில்லை. ‘அவர்களுக்குத்தான் பக்குவம் தெரியும்’ என்பார்கள். பக்குவம் என்பது கற்றுக்கொள்ளக் கூடியதுதானே! மால்தாவின் ரொட்டியைக் கடல் கடந்து வந்த ஒருவருக்கு அரை நாளில் கற்றுத் தர முடியுமானால், பத்து ஆள் சாப்பாட்டுக்கும் ஆயிரம் ஆள் சாப்பாட்டுக்கும் உப்பு எப்படி வேறுபடும், குழம்பு எப்போது எண்ணெய் பிரியும், சோறு எந்தப் பதத்தில் வடிக்கப்பட வேண்டும் என்பதை அடுத்த தெரு இளைஞருக்குக் கற்றுத் தர எத்தனை நாள் ஆகும்?

எங்கள் பங்கில் சில ஆண்டுகளாக, அசனத்திற்கு முந்தைய ஞாயிறு திருப்பலிக்குப் பின் சீட்டுக் குலுக்கி, எல்லாத் தெருக்களிலிருந்தும் பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து, மூத்த தவசுப்பிள்ளையிடம் ஒப்படைக்கிறோம். வெங்காயம் உரிப்பதிலிருந்து துடுப்புப் போடுவது வரை அவர் சொல்லித் தருகிறார், ஏசவும் செய்கிறார். முதல் ஆண்டு இரண்டு குடும்பத்தார் தேர் முடிந்ததும் உண்ணாமல் வீடு திரும்பினர். மறு ஆண்டு அவற்றுள் ஒரு குடும்பம் வந்து அமர்ந்தது. சென்ற ஆண்டு அக்குடும்பத்துப் பையனின் பெயர் சீட்டில் வந்தது. அவனுக்குத் துடுப்புப் பிடிக்கக் கற்றுக் கொடுத்தவர், முதல் ஆண்டில் அவர்கள் எவர் கைச்சோற்றை வேண்டாமென்று போனார்களோ, அந்தத் தெருக்காரர். மற்றக் குடும்பம் இன்னும் வரவில்லை. அவர்களுக்கும் ஆண்டுதோறும் அழைப்புப் போகிறது.