பேர்ச் கணக்கும் நீரின் போக்கும்: திருகோணமலையில் வீட்டுக்காணி அனுமதியின் வரலாறு

திருகோணமலைப் பட்டணத்து இடப்பெயர்களை ஒரு மூச்சில் சொல்லிப் பார்த்தாலே அதன் நிலவியலில் பாதி பிடிபட்டுவிடும். உப்புவெளி, மனையாவெளி, பள்ளத்தோட்டம், பாலையூற்று, மட்டிக்களி. வெளி, பள்ளம், ஊற்று, களி என்று பெயரிட்டவர்கள் மழை எங்கே நிற்கும் என்பதைக் கண்டு வைத்தவர்கள். இடப்பெயரை மட்டும் நம்பி வரலாறு எழுத முடியாதுதான். ஆனாலும் ஆண்டுக்குச் சுமார் 1,600 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி தொடங்கி மார்கழி வரையிலான வாடைக்காலத்திலேயே கொட்டித் தீர்க்கும் ஊரில் இப்பெயர்களை ஒதுக்கிவிடவும் முடியாது. வீடமைப்பை ஆராய்ந்து அனுமதிக்கும் முறை இங்கே நூறாண்டுக்கு மேலாகக் காணித்துண்டை அளந்து வந்திருக்கிறது. காணிகளைக் கடந்து ஓடும் நீர் எந்தக் கோப்பிலும் முழுதாக இடம்பெறவில்லை. பட்டணத்து வடிகால் சிக்கலின் வேர் இதுவே என்பது இக்கட்டுரையின் வாதம்.

இதற்கு முதல் காரணம் துறைமுகம். 1620களில் போர்த்துக்கேயர் கோட்டை எழுப்பியது முதல், ஒல்லாந்தரும் 1795இல் வந்த பிரித்தானியரும் குன்றுகளையும் துறைமுகக் கரையையும் படைக்கென்று பிடித்துக்கொண்டார்கள். குடிமக்களுக்கு மிஞ்சியது உட்துறைமுகத்துக்கும் வெளிக்கடலுக்கும் நடுவே கிடந்த ஒடுங்கிய தாழ்நிலமும் அதற்கு வடக்கே விரிந்த வெளிகளும். 1957இல் பிரித்தானியக் கடற்படை தளத்தைக் கையளித்தபோது நிலம் அரசின் கைக்கு வந்ததேயன்றி நகரின் கைக்கு வரவில்லை. கடற்படைக்கு ஒரு பகுதி, 1979ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான துறைமுக அதிகார சபைக்கு ஒரு பகுதி, புகையிரதத் திணைக்களத்துக்கு ஒரு பகுதி என்று அது பிரிந்தது. பட்டணத்து வாய்க்கால் கடலைச் சேருமுன் இப்படிப்பட்ட வேலிகளுள் ஒன்றையேனும் தாண்டியாக வேண்டும். வீட்டு வாசல் வரை வடிகாலுக்குப் பொறுப்பான உள்ளூராட்சிச் சபைக்கு, அந்த வடிகாலின் வாயில் அதிகாரம் இருந்ததில்லை.

இரண்டாவது காரணம் சட்டத்தின் பார்வை. 1914இல் கொழும்பில் கொள்ளைநோய் பரவியதை அடுத்து, 1915இல் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் பிறந்தது. நெரிசலுக்கு அஞ்சிய சட்டமாகையால் அதன் கவனம் வெளிச்சத்திலும் காற்றிலும் தெருவின் அகலத்திலும் குவிந்தது. 1946இன் நகர், கிராமத் திட்டமிடல் சட்டம் பரந்த நோக்குடையது. காகிதத்தில் அது நல்ல சட்டம். அன்றாட அனுமதிகளை நடைமுறையில் வடிவமைத்ததோ 1978இன் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டமும் அதன்கீழ் 1986இல் வந்த ஒழுங்குவிதிகளும். குறைந்தபட்சத் துண்டு 150 சதுர மீட்டர், அதாவது 6 பேர்ச்; ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியைப் பிரித்தால் பத்தில் ஒரு பங்கு பொதுத்தேவைக்கு என்று அவை வகுத்தன. தெளிவான, எண்ணிப் பார்க்கத்தக்க விதிகள்.

அந்த விதிகளுக்கு அமைய வந்த நில அளவைப் படம் ஒன்றை விரித்துப் பார்த்தால் எல்லைக்கற்கள், துண்டு இலக்கங்கள், பேர்ச் கணக்கு, வீதி ஒதுக்கு எல்லாம் இருக்கும். எந்த மூலை எந்த மூலையைவிடத் தாழ்ந்தது என்று பெரும்பாலும் இருக்காது. பத்துப் பேர்ச் காணி ஏறத்தாழ 253 சதுர மீட்டர். ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் அதில் விழுவது 25,000 லீற்றர் தண்ணீர். அதே காணிக்கு இரண்டடி கிரவல் கொட்டி உயர்த்தினால், முன்பு நீர் நின்ற 150 கனமீட்டருக்கு மேற்பட்ட இடம் அடைபடுகிறது. நேற்றுவரை சமமாயிருந்த பக்கத்து வளவு இன்று பள்ளம். அந்த வளவுக்காரரும் கிரவல் ஏற்றுவார். அதற்கடுத்தவருக்குக் கையில் காசு இருக்காது. ஒவ்வொரு கோப்பும் விதிப்படி சரி. ஒழுங்கை முழுக்க முழங்கால் தண்ணீர்.

தேசிய சுற்றாடல் சட்டத்தின்கீழ் 1993இல் வெளியான பட்டியல் இந்த இடைவெளியை அடைக்கவில்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளோ 4 ஹெக்டேயருக்கு மேற்பட்ட ஈரநிலம் நிரப்புவதோ வந்தால்தான் பொதுவாகச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு. 4 ஹெக்டேயர் என்பது சுமார் 1,580 பேர்ச். வீதிக்கும் பொது இடத்துக்கும் விட்டபின்பும் நூறு குடும்பம் குடியேறலாம், மதிப்பீடு என்ற சொல்லே எழாமல். 1981இன் கரையோரச் சட்டம் உயர்நீர்க் கோட்டிலிருந்து 300 மீட்டர் உள்நோக்கிக் கண்காணிப்பது உண்மை. ஆனால் அது கரையைக் காக்க வந்தது. உள்ளே தேங்குவது அதன் முதல் கவலையன்று.

கடல்மட்டத்தை ஒட்டிய தட்டை நிலத்தில் வெள்ளம் இயற்கைதானே, சட்டத்தை ஏன் நோகவேண்டும் என்று கேட்கலாம். நிலம் தட்டைதான். ஆயினும் பழைய பட்டணத்தில் கடல் எப்போதும் கிட்டத்தான். இலங்கைக் கரையில் பெருக்குக்கும் வற்றுக்கும் இடையிலான வேறுபாடு ஒரு மீட்டரை எட்டுவதில்லை. ஆகவே தொல்லை நிலமட்டத்தில் மட்டுமன்று, வடிகாலின் வாயில்தான் இருக்கிறது. வாடையில் அலை மோதும் வெளிக்கரை மணலைக் குவித்து வாயை அடைக்கும், அமைதியான உட்துறைமுகப் பக்கம் அப்படியல்ல. அடைபட்டதைத் திறக்கவும் வழியுண்டு: களப்பு முகத்துவாரத்தைக் காலம் பார்த்து வெட்டிவிடும் வழக்கம் கிழக்குக் கரைக்குப் புதிதுமன்று.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. போரால் பல தடவை இடம்பெயர்ந்தவர்களுக்கு வீடு அவசரம். 2004 சுனாமிக்குப் பின் கிழக்கில் கரையிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு கட்டத் தடையென்று முதலில் அறிவித்ததும் கரையோரத்தாரை உள்நிலத்தை நோக்கியே தள்ளியது. வடிகாலைக் காட்டி அனுமதியை இறுக்கினால் அடிபடுவது ஏழைதான் என்பர். இறுக்கம் என்பது மறுப்பாக மட்டும் வந்தால் அப்படித்தான் ஆகும். ஆனால் இப்போதைய தளர்விலும் அடிபடுபவர் அவரே, கிரவலுக்குக் காசில்லாத அந்தக் கடைசி வளவுக்காரர். துண்டு பிரிக்குமுன் வாய்க்கால் நிலத்தை ஒதுக்குவது தனித்தனியே மண் ஏற்றுவதைவிட மலிவு. அச்செலவும் காணி பிரித்து விற்பவர் மேல் விழும்.

அதிகாரமற்ற சபை என்ன செய்யும் என்ற கேள்வி மிஞ்சுகிறது. 2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்து 2025 மே தேர்தல் வரை தெரிவான உறுப்பினரே இல்லாமல் உள்ளூராட்சி ஓடிய நாட்டில் அது நியாயமான கேள்வி. ஆனால் இரண்டு விடயங்களைக் கேட்கப் புதிய சட்டம் தேவையில்லை: படத்தில் நிலமட்டம் குறித்திருக்க வேண்டும், நீர் கடைசியில் யாருடைய நிலத்தால் வெளியேறும் என்பதும் எழுதியிருக்க வேண்டும். இரண்டாவதற்கு விடையாகக் கடற்படை, துறைமுகம், புகையிரதம் என்று எந்தப் பெயர் வந்தாலும், அந்த நிறுவனத்தின் ஒப்புதல் கடிதம் கோப்பில் சேரும்வரை முதல் லோட் கிரவல் இறங்கத் தேவையில்லை.