காற்று இழுக்கும் பம்ப்

தாமிரபரணிப் பாசனத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அணைக்கட்டில் தொடங்கி அணைக்கட்டிலேயே முடித்துவிடுகிறார்கள். கோடைமேலழகியான் முதல் மருதூர் வரை ஏழு பழைய அணைக்கட்டுகள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெள்ளைக்காரர் ஆட்சியில் எழுந்த ஸ்ரீவைகுண்டம் எட்டாவது. வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்றால் மடையிலிருந்து மேலே நடந்துபோய், உடைப்போ அடைப்போ எங்கே என்று கண்ணால் பார்த்துவிடலாம். ஆனால் நஞ்செயைத் தாண்டி நாங்குநேரி, ராதாபுரம், சங்கரன்கோவில் பக்கம் போனால் கிணற்றை நம்பிப் பிழைத்த பூமி. அங்கே மாடு பூட்டி இறைக்கும் கமலை போய் பம்புசெட் வந்ததை உழைப்பு மிச்சமான கதையாகவே சொல்லிவருகிறோம். உழைப்பு மிச்சமானது உண்மைதான். அதைவிடப் பெரிய மாற்றம், தண்ணீர் வராமல் போவதற்கான காரணம் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போய்விட்டது என்பதே.

கமலையில் மறைவானது எதுவும் கிடையாது. மாடுகள் சரிவில் இறங்க, வடம் உருளையில் ஏறி, சால் மேலே வரும். வால்கயிற்றின் பிடியில் தோல்தும்பி தொட்டியில் தண்ணீரைக் கொட்டும். தும்பி கிழிந்தால் ஒழுகுவது தெரியும், வடம் நைந்தால் பிரி பிரியாகத் தெரியும், உருளை தேய்ந்தால் சத்தமே காட்டிக்கொடுக்கும். தோல் தைக்க ஒருவர், உருளை கடைய தச்சர், சாலுக்கு ஒட்டுப்போட கொல்லர் என்று ஒவ்வொரு பழுதுக்கும் ஊருக்குள்ளேயே ஆள் இருந்தார். கமலை மெதுவானது, மாட்டையும் மனிதனையும் வாட்டியெடுத்தது. அதைப் போற்றிப் புகழ எனக்கு விருப்பமில்லை. ஆனால் அதற்கு ஆழம் ஒரு தடையாக இல்லை. கிணற்றை ஆழமாக்கினால் வடத்தையும் சரிவையும் நீட்டினால் போதும்.

பம்பின் கணக்கு வேறு. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தில் எண்ணெய் எஞ்சின் பம்புகளைப் பரப்ப முனைந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன், மாட்டு இறவையையும் எஞ்சின் இறவையையும் செலவுக் கணக்குப் போட்டு ஒப்பிட்டார். அந்தக் கணக்கு ஓட்டும் செலவைச் சொல்லும். ஓடிக்கொண்டே தண்ணீர் தராத நாளைச் சொல்லாது. மேலே வைத்த பம்ப் தண்ணீரை இழுப்பதில்லை. அது குழாய்க்குள் அழுத்தத்தைக் குறைக்கிறது. வெளிக்காற்றின் அழுத்தம்தான் கிணற்றுத் தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளுகிறது. இத்தாலியில் உறிஞ்சு பம்புகள் ஏறத்தாழ 10 மீட்டருக்கு மேல் தண்ணீரை ஏற்ற மறுத்ததைக் கலிலியோ 1638-இல் வந்த தம் நூலில் குறித்திருக்கிறார். காரணம் காற்றின் அழுத்தம் என்பதை டாரிசெல்லியின் பாதரசக் குழாய் பின்னர் காட்டியது. கணக்கின்படி எல்லை 10.3 மீட்டர், நடைமுறையில் ஆறேழு மீட்டர் தாண்டுவதே பாடு. அதற்குள்ளும் குழாயின் அடியில் இருக்கும் ஃபுட்வால்வு சரியாக மூடாவிட்டாலோ, வாஷர் வெடித்திருந்தாலோ, மூட்டில் மயிரிழை விரிசல் இருந்தாலோ காற்று புகுந்துவிடும். உறிஞ்சும் குழாயின் ஓட்டையில் தண்ணீர் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். ஆகவே ஒழுகும் இடத்தைத் தேடுகிறவனுக்கு எதுவும் தெரியாது. மோட்டார் நல்ல சத்தத்தோடு ஓடும், வாய்க்காலோ காய்ந்து கிடக்கும்.

1944-இல் பாபநாசம் நீர்மின் நிலையம் வந்து, பின்னர் கம்பிகள் புஞ்செய்க்கு நீண்டபோது, இந்தப் புது வகைப் பழுதும் கிணற்றுக்குக் கிணறு போய்ச் சேர்ந்தது. அதோடு ஒரு புதுக் கைப்பழக்கமும் பிறந்தது. பம்பில் தண்ணீர் ஊற்றி நிரப்பி, அது நிற்கிறதா இறங்குகிறதா என்று பார்ப்பது முதல் சோதனை. இறங்கினால் ஃபுட்வால்வைச் சந்தேகிக்க வேண்டும். சாணியைக் கரைத்து ஊற்றினால் நார் போய் இடுக்கை அடைக்கும். மூட்டில் சைக்கிள் டியூப்பைக் கீறிச் சுற்றிக் கட்டுவார்கள். படிக்காதவர் வைத்தியம் என்று இதைச் சிரித்துத் தள்ளுவது தவறு. காற்று வரும் வழியை அடைத்தால் தண்ணீர் ஏறும் என்பது டாரிசெல்லி சொன்னதற்கு முரணானதல்ல.

கிணற்றின் வடிவத்தையே அந்த ஆறேழு மீட்டர் எல்லை மாற்றியது. நீர்மட்டம் இறங்க இறங்க, பாறைக் கிணற்றின் உள்சுவரில் திட்டு வெட்டி மோட்டாரையும் கீழே இறக்கினார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கிணறு பொங்கினால் மோட்டார் முழுகிவிடும்; அவசரமாக மேலே தூக்க வேண்டும். நீர்மட்டம் சரிந்ததற்குக் கிணறுகள் பெருகியதும், 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் வந்த இலவச மின்சாரமும்தானே காரணம், இதில் உறிஞ்சும் எல்லைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். எவ்வளவு நேரம் இறைப்பது என்பதை மின்சாரக் கொள்கை தீர்மானித்தது, மறுக்கவில்லை. எவ்வளவு ஆழத்திலிருந்து என்பதைத் தீர்மானித்தது பம்ப் நிற்கும் இடம். திட்டு வெட்டும் செலவும் முழுகும் பயமும் இருந்தவரை ஆழத்துக்கு ஒரு கடிவாளம் இருந்தது. போர் போட்டு கம்ப்ரசர் வைத்தபோது, அதுவரை எதிரியாக இருந்த காற்றே தண்ணீரைத் தூக்கும் கருவியானது. நீர்மூழ்கி மோட்டார் வந்ததும் உறிஞ்சும் குழாயே இல்லாமல் போய், எல்லையும் அதோடு போயிற்று.

நீர்மூழ்கி பம்ப் தண்ணீர் தராவிட்டால் வாஷர் மாற்றவோ சாணி கரைக்கவோ மேலே எதுவும் இல்லை. மெக்கானிக் முதலில் பார்ப்பது சுவிட்சுப் பெட்டியில் இருக்கும் ஆம்பியர் மீட்டரை. முள் வழக்கத்தைவிடக் கீழே நின்றால், குழாய்களைக் கழற்றி வெளியே எடுப்பதற்கு முன்பே அவர் கேட்கும் கேள்வி, பக்கத்துத் தோட்டத்தில் புதிதாக எத்தனை அடிக்கு போர் போட்டார்கள் என்பது.