மாடும் யுரேனியமும் போட்ட பாதை

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மோவாப் என்றொரு சிற்றூர். அதற்குத் தென்மேற்கே, கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவுக்குள், ஒரு பீடபூமியின் இடுப்பைச் சுற்றி ஓடுகிறது ஒயிட் ரிம் என்ற மண்பாதை. நீளம் 160 கிலோமீட்டர். தார் கிடையாது, கடை கிடையாது, பெட்ரோல் பங்க் கிடையாது, குடிக்கச் சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஒரு பக்கம் அண்ணாந்து பார்க்க வைக்கும் செம்பாறைச் சுவர். மறுபக்கம் கொலராடோ ஆறும் கிரீன் ஆறும் அறுத்துப் போட்ட பாதாளம். ஜீப்பில் கூடாரத்தையும் தண்ணீர்க் கேன்களையும் கட்டிக்கொண்டு இரண்டு மூன்று நாள் இதில் ஊர்ந்து வர உலகின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். இரவு தங்கும் அனுமதிக்குப் பல மாதம் முன்பே போட்டி தொடங்கிவிடும். ஆனால் இந்தப் பாதையைப் போட்டவர்களுக்குச் சுற்றுலா என்ற நினைப்பே இருந்ததில்லை.

கேன்யன் எனப்படும் ஆழ்பள்ளத்தாக்குகள் நிறைந்த இந்த வட்டாரத்துப் பாதைகளில் பெரும்பாலானவற்றின் கதை இதுதான். எதையோ தேடிப் போனவர்கள், அவசரத்தில் பாறையை உடைத்து வழி செய்தார்கள். தேடியது பல நேரம் கிடைக்கவில்லை. வழி மட்டும் நின்றுவிட்டது.

திட்டமிடாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு இந்த நிலத்தின் மிகப் பழைய பாடம் 1879ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் கிடைத்தது. மார்மன் சபையைச் சேர்ந்த சுமார் 250 பேர், 83 குதிரை வண்டிகளில், யூட்டாவின் தென்கிழக்கு மூலையில் குடியேறப் புறப்பட்டார்கள். சுற்றுவழிகள் தெரிந்தே இருந்தன. குறுக்குவழி இருக்கும்போது சுற்றிப் போவானேன் என்று தோன்றியது. ஆறு வாரத்தில் போய்ச் சேரலாம் என்பது கணக்கு. ஆனது ஆறு மாதம்.

கொலராடோ ஆற்றின் மேல்விளிம்பில் வந்து நின்றபோது எதிரே இருந்தது பாறையில் ஒரு வெடிப்பு. ‘ஹோல் இன் த ராக்’ என்று அதற்குப் பெயர் விழுந்தது. ஆறு கீழே சுமார் ஆயிரம் அடி ஆழத்தில். திரும்பிப் போகலாம் என்றால் பின்னால் மலைக் கணவாயைப் பனி மூடிவிட்டது. அக்கரையில் வழி இருக்கிறதா என்று பார்த்துவர நான்கு பேரை அனுப்பினார்கள். அவர்கள் கட்டிக்கொண்ட சாப்பாடு எட்டு நாளுக்கு. போய்த் திரும்ப ஆனது மூன்று வாரத்துக்கும் மேல். கிறிஸ்துமஸ் அன்று, வழி தவறி, பசியோடு ஒரு குன்றின் மேல் ஏறிப் பார்த்தபோதுதான் தூரத்து மலை கண்ணில் பட்டுத் திசை புரிந்தது. அந்தக் குன்றுக்கு இன்றும் ‘மீட்புக் குன்று’ என்ற பொருளில்தான் பெயர்.

பிறகு நடந்தது பொறியியலா பிடிவாதமா என்று சொல்வது கடினம். வெடிமருந்து வைத்துப் பிளவை அகலப்படுத்தினார்கள்; ஒன்றரை மாத வேலை. அடியில் ஓரிடத்தில் வெடி வைக்கவும் இடமில்லாத வழுக்குச் சரிவு. வேல்ஸ் நாட்டுச் சுரங்கங்களில் வேலை பார்த்த பென் பெர்கின்ஸ் அதற்கு ஒரு வழி கண்டார். பாறைச் சுவரில் வண்டியின் உள்சக்கரம் ஓட ஒரு பள்ளம் செதுக்கப்பட்டது. அதற்குக் கீழே வரிசையாகத் துளை போட்டு, ஓக் மர முளைகளை அடித்து இறக்கி, அவற்றின் மேல் மரக்கட்டை, புதர், கல் என்று பரப்பி, வெளிச்சக்கரத்துக்கு அந்தரத்தில் ஒரு தளம் கட்டினார்கள். 1880 ஜனவரி 26 அன்று வண்டிகள் இறங்கத் தொடங்கின. சக்கரங்களைச் சங்கிலியால் பூட்டி, பின்னால் ஆட்கள் கயிற்றைப் பிடித்துத் தொங்க, வண்டிகள் ஒவ்வொன்றாக வழுக்கி இறங்கின. வழியில் ஒரு உயிர்கூடப் போகவில்லை, குழந்தைகள் பிறந்தன. ஏப்ரல் மாதம், போக நினைத்த இடத்துக்கு முன்பே, இனி முடியாது என்று உட்கார்ந்துவிட்ட இடம்தான் இன்றைய பிளஃப் என்ற ஊர். பிளவின் அடிப்பகுதியை 1963இல் நிரம்பத் தொடங்கிய பாவெல் ஏரி விழுங்கிவிட்டது. மேல்விளிம்பு வரை மட்டும் எஸ்கலாண்டே என்ற ஊரிலிருந்து ஒரு மண்சாலை போகிறது.

அடுத்து வந்தவர்கள் மாட்டுக்காரர்கள். மேலே மேய்ச்சல் தட்டு, கீழே ஆற்றோரப் புல், நடுவே செங்குத்துச் சுவர். சுவரில் எங்கெல்லாம் பழங்குடிகள் ஏறி இறங்கினார்களோ அங்கெல்லாம் மாடு போகும் அளவுக்கு வழியைச் செப்பனிட்டார்கள். ஒயிட் ரிம்முக்கு இறங்கும் புகழ்பெற்ற ஷேஃபர் பாதை அப்படி வந்ததுதான்; ஷேஃபர் குடும்பத்து மாடுகளின் பெயரைச் சுமக்கிறது. அதே பூங்காவின் நீடில்ஸ் பகுதியில் இன்றைய ஓட்டுநர்களின் உள்ளங்கையை வியர்க்க வைக்கும் எலிஃபன்ட் ஹில் ஏற்றமும் மாட்டுப் பண்ணைக்காரர்களின் கைவண்ணமே.

மாட்டுத் தடத்தை லாரித் தடமாக்கியது அணுகுண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க அணுசக்தி ஆணையம் யுரேனியத்துக்கு உத்தரவாத விலை அறிவித்தது. புதுப் படிவம் கண்டுபிடிப்பவர்களுக்கு ஊக்கத்தொகை தந்தது. ஆளில்லாத பாறைக்காட்டுக்குள் சாலை போடவும் பணம் ஒதுக்கியது. போரில் மிஞ்சிய ஜீப்புகள் மலிவாகக் கிடைத்த காலம் வேறு. கதிரியக்கத்தைக் காட்டும் கெய்கர் கருவியும் ஒரு ஜீப்பும் இருந்தால் போதும், எவரும் சுரங்க முதலாளி ஆகலாம் என்ற காய்ச்சல் பரவியது.

சார்லி ஸ்டீனிடம் கெய்கர் கருவிகூட இல்லை, வாங்கக் காசில்லை. டெக்சாஸ்காரரான இந்தப் புவியியலாளர் மனைவியோடும் நான்கு பிள்ளைகளோடும் சிஸ்கோ என்ற ஊரில் தார்க்காகிதக் குடிசையில் இருந்தார். 1952 ஜூலையில் மோவாப்புக்குத் தெற்கே, ஓட்டை உடைசல் துளைக்கருவியோடு 197 அடி ஆழம் போனபோது கருவி உடைந்தது. மேலே வந்த பாறை, தேடியதுபோல் மஞ்சளாக இல்லை, கறுப்பாக இருந்தது. உபயோகமில்லை என்று எண்ணி ஊர் திரும்பியவர், பெட்ரோல் பங்க் வைத்திருந்த நண்பரின் கெய்கர் கருவியில் சும்மா காட்டிப் பார்த்தார். முள் எகிறியது. அந்தச் சுரங்கம் அவரைக் கோடீஸ்வரராக்கியது. தேய்ந்துபோன பழைய பூட்சுக்கு வெண்கல முலாம் பூசி வைத்துக்கொண்டார். 1968இல் திவாலும் ஆனார். 1950இல் சுமார் 1,275 பேர் இருந்த மோவாப், பத்தே ஆண்டில் 4,682 பேர் ஊரானது.

ஒயிட் ரிம் பாதை அந்தக் காய்ச்சலின் பிள்ளை. 1950களில் புல்டோசர்கள் அதை வெட்டின. கிடைத்த யுரேனியமோ கொஞ்சம்தான். ஜீப்காரர்கள் யுரேனியக் காலத்தைச் சாகசக் கதையாகச் சொல்வது வழக்கம். அதன் விலையை அவர்கள் கொடுக்கவில்லை. காற்றோட்டமில்லாத சுரங்கங்களில் இறக்கப்பட்ட நவஹோ பழங்குடித் தொழிலாளர்கள் பலர் நுரையீரல் புற்றுநோயால் மடிந்தார்கள். இழப்பீட்டுச் சட்டம் வர 1990 ஆனது. மோவாப்பில் இருந்த யுரேனிய ஆலையின் கழிவு 1.6 கோடி டன் கொலராடோ ஆற்றங்கரையிலேயே குவிந்து கிடந்தது. 2009இல்தான் அதை ரயிலில் ஏற்றி வேறிடம் கொண்டுபோகத் தொடங்கினார்கள்.

சுரங்கக்காரர்களின் தடத்தில் ஊர்சுற்றுவதற்காக ஜீப் ஓட்டியவர்களில் முக்கியமானவர் பேட்ஸ் வில்சன். அருகிலிருந்த ஆர்ச்சஸ் பூங்காவின் பொறுப்பாளர். பிரமுகர்களை ஜீப்பில் ஏற்றிக் காட்டுக்குள் கூட்டிப்போய், கனத்த இரும்புச் சட்டியை நெருப்புத் தணலில் புதைத்துச் சமைத்துப் போட்டு, இந்த இடத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று பேசுவார். வயிறு நிறைந்தவர்கள் தலையாட்டினார்கள். இன்னொரு பக்கம், அணைகள் கட்டும் மத்தியத் துறையின் தலைவர் ஃபிளாய்ட் டோமினி, உள்துறை அமைச்சர் ஸ்டுவர்ட் யூடாலை விமானத்தில் ஏற்றி அணைக்கு இடம் காட்டினார். அமைச்சர் கண்ணுக்கு அது பூங்காவாகத் தெரிந்தது. 1961இல் வில்சன் வழிகாட்ட யூடால் நேரில் சுற்றிவந்தார். 1964 செப்டம்பர் 12 அன்று அதிபர் ஜான்சன் கையெழுத்திட, கேன்யன்லேண்ட்ஸ் பூங்கா பிறந்தது. வில்சனே முதல் பொறுப்பாளர்.

மூன்றே ஆண்டில், 1967இல், மோவாப் வணிகர் சங்கம் ஈஸ்டர் ஜீப் பயணத்தைத் தொடங்கியது. ஒருநாள் விழாவாகத் தொடங்கியது இன்று ஒரு வாரத்துக்கு மேல் நீளும் திருவிழா. 1991இல் வெளிவந்த ‘தெல்மா அண்ட் லூயிஸ்’ படத்தின் இறுதிக் காட்சியில் கார் பாய்வதும் மோவாப் அருகேதான். படத்தில் அது கிராண்ட் கேன்யன் என்று பெயர் மாறியிருக்கும்.

கூட்டம் பெருகப் பெருக விதிகள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் பின்னால் இந்த நிலத்தின் சுபாவம் இருக்கிறது. தரையிலிருந்து உயர்ந்து நிற்கும், லோ கியர் உள்ள நான்கு சக்கர இயக்க வண்டி கட்டாயம். பழுதாகி நின்றால் இழுத்துவரும் செலவே ஆயிரம் டாலரைத் தாண்டும். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் தண்ணீர் என்று கணக்குப் போட்டு மோவாப்பிலேயே நிரப்பிக்கொள்ள வேண்டும். குறித்த பத்து இடங்களில் மட்டுமே கூடாரம். ஒயிட் ரிம்மில் விறகு நெருப்பு கூடாது. பாதையை விட்டுச் சக்கரம் இறங்கவே கூடாது. கரடுதட்டிக் கறுத்த அந்த மண்மேலோடு உயிருள்ளது. நுண்ணுயிரிகளும் பாசியும் சேர்ந்து மணலைப் பிடித்து வைத்திருக்கின்றன. ஒருமுறை நசுங்கினால் தேறப் பல ஆண்டுகள் ஆகும். மழை பெய்தால் திட்டமே மாறும்: 2010 ஆகஸ்ட் வெள்ளத்தில் மினரல் பாட்டம் கொண்டை ஊசி வளைவுகள் அடித்துப்போய், ஒயிட் ரிம்மின் மேற்கு வாசல் மாதக்கணக்கில் அடைபட்டது.

எல்லாப் பாதையும் திறந்து கிடக்கவில்லை. நீடில்ஸ் பகுதியில் சால்ட் கிரீக் ஓடைப் படுகையிலேயே ஒரு ஜீப் தடம் ஓடியது. புகழ்பெற்ற ஏஞ்சல் ஆர்ச்சுக்கு அருகே போக அதுதான் வழி. வறண்ட நாட்டில் அபூர்வமான ஓடையை டயர்கள் உழுதுகொண்டிருந்ததை எதிர்த்து ஒரு சுற்றுச்சூழல் அமைப்பு வழக்குப் போட, 1998இல் மேல்பகுதி வண்டிகளுக்கு மூடப்பட்டது. உள்ளூர் மாவட்ட நிர்வாகம் விடவில்லை. பொது நிலத்தில் சாலை உரிமை தந்த 1866ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்து, மாட்டுக்காரர்களும் யுரேனியம் தேடியவர்களும் போய்வந்த தடம் இது, எனவே பொதுச்சாலை என்று வாதாடியது. அவர்கள் அவ்வப்போது போய்வந்தது, பொதுச்சாலை என்று கொள்ளத் தேவையான பத்தாண்டுத் தொடர் பொதுப் பயன்பாடு ஆகாது என்று 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏஞ்சல் ஆர்ச்சைப் பார்க்க விரும்புகிறவர்கள் இப்போது பையில் தண்ணீரைச் சுமந்துகொண்டு நடந்துதான் போக வேண்டும்.