தோற்றவர் இல்லாத வெற்றிச்சொல்

2022 ஆகஸ்டில் பர்மிங்ஹாமில் நடந்த காமன்வெல்த் விளையாட்டின் பூப்பந்து மகளிர் இரட்டையர் இறுதியாட்டத்தில், கிள்ளானில் பிறந்த எம். தினாவும் அவருடைய இணை பேர்லி டானும் இங்கிலாந்து இணையை 21-5, 21-8 என்று வென்றார்கள். அதற்குப் பத்தாண்டு முன்பு, லண்டன் ஒலிம்பிக் இறுதியாட்டத்தின் கடைசி செட்டை லீ சோங் வெய் 19-21 என்று லின் டானிடம் இழந்தார். இரண்டுமே ஆட்டம், இரண்டிலுமே ஒருவர் வென்றார். ஆனால் இரண்டையும் ஒரே வினையால் சொல்ல விளையாட்டுச் செய்தி எழுதுகிறவருக்கு மனம் வராது.

ஆங்கிலத்தில் இதற்கு வினைகள் வரிசைகட்டி நிற்கின்றன. ஓரிரு புள்ளியில் வென்றால் பிப், எட்ஜ். அடித்து நொறுக்கினால் டிரவுன்ஸ், திராஷ். மலாய் நாளேடுகளும் தும்பாஸ், பெனாம், பெலாசா என்று அடுக்கும். தமிழில் பெருவெற்றிக்குப் பஞ்சமே இல்லை: பந்தாடினார், ஊதித் தள்ளினார், புரட்டி எடுத்தார். சிறு இடைவெளி வெற்றிக்கு மட்டும் தனி வினை அமையவில்லை. ‘நூலிழையில்’, ‘மயிரிழையில்’ என்று அளவை முன்னால் வைத்து, பின்னால் வழக்கமான வினையைச் சேர்க்கிறோம். ‘போராடி வென்றார்’ என்றும் எழுதுகிறோம். அதில் இடைவெளியின் அளவைவிட உழைப்புக்கே முதலிடம். எனக்குப் பிடித்த தொடர் அதுதான்.

இந்தச் சொற்களை அளவை வைத்துப் பிரிப்பதைவிட, யாரைப் பார்த்துப் பேசுகின்றன என்று பிரித்தால் இன்னும் தெளிவாகும். ‘வீழ்த்தினார்’, ‘தோற்கடித்தார்’ என்பவற்றுக்கு இரண்டு பேர் வேண்டும். யாரை என்ற கேள்விக்கு விடை இல்லாமல் வாக்கியம் நிற்காது. ‘மண்ணைக் கவ்வினார்’ தோற்றவரை மட்டுமே பார்க்கிறது. மற்போரில் குப்புற விழுந்தவனின் வாயில் மண் புகும் காட்சி அதில் உறைந்திருக்கிறது. குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்ற பழமொழியும் அந்தக் களத்துக்கு உரியதே. இந்தச் சொல்லுக்கு அளவு பொருட்டில்லை. 1974 முதல் சுங்கை சிப்புட் தொகுதியைத் தன்வசம் வைத்திருந்த மலேசிய அமைச்சர் சாமிவேலு, 2008 மார்ச் 8 பொதுத்தேர்தலில் ஜெயக்குமார் தேவராஜிடம் தோற்றது 1,821 வாக்குகள் பெரும்பான்மையில். இருபதாயிரத்தில் தோற்றிருந்தாலும் கடைத்தெருப் பேச்சில் அதே மண்தான், அதே வாய்தான்.

மூன்றாவது வகை ஒன்று உண்டு: ‘வாகை சூடினார்’. இதில் வென்றவர் மட்டுமே இருக்கிறார். ‘அவரை வாகை சூடினார்’ என்று சொல்லவே முடியாது. தோற்றவருக்கு இந்த வாக்கியத்தில் இடமே இல்லை.

வாகை ஒரு மரம். பூவில் இதழைவிட மகரந்த இழைகளே கண்ணுக்குத் தெரியும். பஞ்சுபோல் வெளிர்மஞ்சள் படர்ந்த வெண்மை, நல்ல மணம். காய்ந்த நெற்றுகள் காற்றில் சலசலக்கும் ஓசையைக் குறுந்தொகைப் பாட்டு ஒன்று கயிற்றில் ஆடும் கூத்தர்களின் பறை முழக்கத்துக்கு ஒப்பிடுகிறது. சங்ககாலக் குறுநில மன்னன் நன்னனின் காவல் மரமும் வாகையே. சேர மன்னன் களங்காய்க்கண்ணி நார்முடிச் சேரல் அவனை வென்று அதை வெட்டியதைப் பதிற்றுப்பத்து சொல்கிறது. வெற்றியின் பெயர் கொண்ட மரமே ஒரு தோல்வியில் சாய்ந்திருக்கிறது.

புறப்பொருள் வெண்பாமாலையில் வாகை என்பது பகைவரை வென்று பூச்சூடி ஆர்ப்பரிப்பது. தொல்காப்பியத்தில் பொருள் இன்னும் அகலம். அங்கே போர் ஒரு பகுதி மட்டுமே. அரசரும் உழவரும் வணிகரும் அறிவரும் தவம் செய்வோரும் அவரவர்க்கு உரிய தொழிலில் பிறருக்குக் கேடு இல்லாமல் மேம்பட்டு விளங்குவதெல்லாம் வாகைத்திணை. பகைவன் என்று ஒருவன் இருந்தாக வேண்டிய கட்டாயமே இல்லை. வெண்பாமாலை ஆசிரியர் ஐயனாரிதனாரும் தம் நூலின் பிற்பகுதியில் மல்வென்றி, யாழ்வென்றி, ஆடல்வென்றி, பாடல்வென்றி, கோழிவென்றி என்று வெற்றிகளுக்குப் பெயரிட்டு வைத்திருக்கிறார். எத்தனை புள்ளியில் வென்றார் என்பதற்கு அங்கே பெயர் இல்லை. எந்தக் கலையில் வென்றார் என்பதற்கு உண்டு. நம் மரபு வெற்றியைப் பிரித்த முறை இதுதான் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

பிரிக்ஃபீல்ட்ஸின் துன் சம்பந்தன் சாலையிலோ கிள்ளானின் தெங்கு கெலானா சாலையிலோ உள்ள மாலைக் கடைகளில் வாகைப்பூவைத் தொடுத்து விற்று நான் பார்த்ததில்லை. வென்றவருக்குச் செவ்வந்தியும் ரோஜாவும்தான். ஆனால் வாகையின் நெருங்கிய உறவு இந்த வட்டாரத்துச் சாலையோரங்களில் குடைவிரித்து நிற்கிறது. தென்னமெரிக்கப் பக்கத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டில் மலாயாவுக்கு வந்த தூங்குமூஞ்சி மரம் அது. மாலையில் இலை மடிவதால் மலாய்க்காரர்கள் அதைப் புக்குல் லீமா, அதாவது ஐந்து மணி என்கிறார்கள். அதன் பூவும் இழை இழையாகவே விரியும், இளஞ்சிவப்பில். வாகை எப்படி இருக்கும் என்று பிள்ளைகள் கேட்டால் அதைக் காட்டலாம்.

நாளேடுகளிலும் வானொலியிலும் ‘வெற்றி வாகை சூடினார்’ என்று எழுதுகிறோம், சொல்கிறோம். வாகை என்றாலே வெற்றிதான் என்பது மறந்துபோனதால் முன்னால் ஒரு வெற்றி ஒட்டிக்கொண்டது. அதை உதறிவிடலாம்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன். தொழில்முறை ஆட்டக்காரர்களைப் பற்றி எழுதும்போது பந்தாடுங்கள், வீழ்த்துங்கள், அவர்கள் தாங்குவார்கள். தமிழ்ப்பள்ளி விளையாட்டு விழாச் செய்தியில் பத்து வயதுப் பிள்ளை இன்னொரு பத்து வயதுப் பிள்ளையை வீழ்த்தியதாக எழுதாதீர்கள். தோற்ற பிள்ளையும் அந்தச் செய்தியைப் படிக்கும். ‘ஓட்டத்தில் வாகை சூடினாள்’ என்று எழுதுங்கள். புள்ளிக் கணக்கு பக்கத்தில் எண்ணாக இருக்கட்டும்.