ஏ.ஜே. ஓசேர்

பிரான்சின் பர்கண்டிப் பகுதியில், யோன் ஆற்றங்கரையில் அமைந்த ஓசேர் நகரின் தொழில்முறைக் கால்பந்துக் கழகம். 1905-இல் தொடங்கப்பட்டது. ‘ஓசேர் இளைஞர் சங்கம்’ என்பது அதன் முழுப்பெயரின் பொருள். பாரிசுக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 170 கி.மீ. தொலைவில் உள்ள இந்நகரில் சுமார் 35,000 பேர் வாழ்கிறார்கள். கழகத்தின் அரங்கில் 18,000-க்கும் மேற்பட்டோர் அமரலாம். ஊரில் பாதிப்பேர் ஒரே மாலையில் ஆட்டம் பார்க்க வந்தாலும் இடம் இருக்கும். இத்தகைய ஊரின் அணி ஒருமுறை பிரெஞ்சு லீக் பட்டத்தையும் நான்கு முறை பிரெஞ்சுக் கோப்பையையும் (1994, 1996, 2003, 2005) வென்றது. 1980 முதல் 2012 வரை 32 ஆண்டுகள் இடைவிடாமல் முதல் பிரிவில் ஆடியது. கழகத்துக்கு 46 ஆண்டுகள் ஒரே தலைவர். நாற்பதாண்டுகளுக்கும் மேலாக அணியின் போக்கைத் தீர்மானித்தவர் ஒரே பயிற்சியாளர். ஓசேரின் வெற்றிகளுக்குக் காரணம் தேடுவோர் இந்த இரண்டு செய்திகளிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பாதிரியார் தொடங்கிய சங்கம்

அரசையும் திருச்சபையையும் பிரிக்கும் சட்டம் பிரான்சில் 1905 டிசம்பர் 9 அன்று நிறைவேறியது. பள்ளி, பொதுநிகழ்ச்சி, விளையாட்டு என எல்லாவற்றிலும் திருச்சபைக்காரர்களும் மதச்சார்பின்மைவாதிகளும் எதிரெதிராக நின்ற காலம் அது. அதே மாதக் கடைசியில் எர்னெஸ்ட் தெஷாம் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் ஓசேரில் இளைஞர் சங்கத்தைத் தொடங்கினார். ஊர்ப் பையன்களைத் திருச்சபையின் அரவணைப்பில் வைத்திருக்க விளையாட்டு நல்ல வழி என்று பிரான்ஸ் முழுவதும் பாதிரியார்கள் கருதினார்கள். கத்தோலிக்க சங்கங்கள் தமக்குள் தனிப் போட்டிகளையும் நடத்திவந்தன. ஓசேரில் மதச்சார்பற்றோரின் அணியாக இருந்தது ஸ்டாத் ஓசெருவா. இரு அணிகளுக்கும் இடையிலான போட்டியில் ஆட்டத்தோடு அரசியலும் கலந்திருந்தது.

தெஷாம் 1918-இல் ஊருக்கு வெளியே ஆற்றோரமாக நிலம் வாங்கி மைதானம் அமைத்தார். கழகம் இன்றும் அதே இடத்தில்தான் ஆடுகிறது. அவர் 1949-இல் மறைந்தார். பின்னர் அரங்கத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. வெள்ளையும் நீலமும் கழகத்தின் நிறங்கள். சின்னத்தில் இருக்கும் மால்ட்டாச் சிலுவை அதன் பிறப்பை இன்றும் காட்டுகிறது. 1960 வரையிலான கழகத்தின் கதை, வட்டாரப் போட்டிகளில் ஆடிய எத்தனையோ சிறு சங்கங்களின் கதைதான்.

கீ ரூ

1938-இல் கொல்மார் நகரில் பிறந்த கீ ரூ, ஓசேருக்கு அருகிலுள்ள அப்பொய்ஞி கிராமத்தில் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவர். பதின்ம வயதில் இக்கழகத்துக்கு ஆடிவிட்டு வெளியூர் அணிகளுக்குப் போனார். 1961-இல், 22 வயதில், ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் திரும்பி வந்தார். வேலை கேட்டவர்களில் மிகக் குறைந்த சம்பளத்துக்கு ஒப்புக்கொண்டவர் அவர்தான் என்று சொல்வார்கள். இடையில் ராணுவ சேவைக்காகப் போய்வந்ததைத் தவிர்த்தால், 2000 வரை அந்தப் பொறுப்பிலிருந்து அவர் இறங்கவில்லை. 1963-இல் ஜான்-குளோத் அமெல் கழகத் தலைவரானார். 2009 வரை அவரே தலைவர்.

முன்னேற்றம் மெதுவாகவே வந்தது. அணி 1970-இல் மூன்றாம் அடுக்குக்கும் 1974-இல் இரண்டாம் பிரிவுக்கும் ஏறியது. 1979-இல் இரண்டாம் பிரிவு அணியாகவே பிரெஞ்சுக் கோப்பையின் இறுதி ஆட்டம்வரை போய், கூடுதல் நேரத்தில் நான்த் அணியிடம் 1-4 என்று தோற்றது. மறு ஆண்டு இரண்டாம் பிரிவுப் பட்டத்தோடு முதல் பிரிவுக்குள் நுழைந்தது. ரூ பொறுப்பேற்று அப்போது பத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. மூன்று ஆட்டம் தோற்றால் பயிற்சியாளரை மாற்றும் தொழிலில், ஒருவருக்குப் பத்தொன்பது ஆண்டுகள் அவகாசம் கொடுத்த நிர்வாகத்தையும் சேர்த்தே பாராட்ட வேண்டும்.

ரூவின் சிக்கனமும் கண்டிப்பும் பிரான்ஸ் அறிந்தவை. ஆட்டக்காரர்களின் கார்களில் கிலோமீட்டர் கணக்கைப் பார்த்து, இரவில் யார் எவ்வளவு தூரம் ஊர் சுற்றினார்கள் என்று கண்டுபிடிப்பார். சிறு ஊர் என்பதால் மதுக்கடைச் செய்திகள்கூட அவர் காதுக்கு வந்துவிடும். ஆட்டமுறையிலும் அவர் பழைய வழிக்காரர். எதிரணி முன்கள வீரர் ஒவ்வொருவரையும் ஒருவர் நிழலாகத் தொடர்வார். எல்லோருக்கும் பின்னால் ஒரு தடுப்பாளர் தனியாக நிற்பார். முன்னால் மூவர், அவர்களில் இருவர் பக்கவாட்டுக் கோட்டை ஒட்டி ஓடுவார்கள். மற்ற அணிகள் இடத்தைக் காக்கும் தடுப்புமுறைக்கு மாறிய பிறகும் அவர் இதைக் கைவிடவில்லை. ஒரே முறையைச் சிறுவர் அணி முதல் முதன்மை அணி வரை பழக்கியதால், மேலே வரும் பையன் எதையும் புதிதாகக் கற்க வேண்டியிருக்கவில்லை. அவரைப் பழமைவாதி என்று ஒதுக்கியவர்கள் இதைக் கவனிக்கத் தவறினார்கள்.

பயிற்சி மையம்

விலைக்கு வாங்க முடியாத ஆட்டக்காரர்களை வளர்த்தெடுப்பது என்பதே கழகத்தின் கொள்கை. 1982-இல் பயிற்சி மையம் தொடங்கப்பட்டது. டேனியல் ரோலான் அதன் முதுகெலும்பு. அதே ஆண்டு நாட்டின் பதின்ம வயதினருக்கான காம்பார்தெல்லா கோப்பையை ஓசேர் வென்றது; பின்னரும் பலமுறை வென்றது. ஓசேர் பிரெஞ்சுக் கால்பந்தின் நாற்றங்கால் ஆயிற்று.

மார்செய்யைச் சேர்ந்த எரிக் கான்டோனா 15 வயதில் இங்கே வந்து, 1983-இல் முதல் பிரிவில் அறிமுகமானார். 1988-இல் மார்செய் அணி அவரை 2.2 கோடி ஃபிராங்குக்கு வாங்கியபோது அது பிரெஞ்சுக் கால்பந்தில் அதுவரை இல்லாத தொகை. ஐவரி கோஸ்ட்டில் பிறந்த பசில் போலி இங்கே உருவானவர். 1993 சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் மிலானுக்கு எதிராகத் தலையால் முட்டி மார்செய்க்குக் கோப்பை தந்த கோல் அவருடையது. ஜான்-மார்க் ஃபெரெரி, தஹித்தியிலிருந்து வந்த பாஸ்கல் வாஹிருவா, பெர்னார் தியோமெத், பிலிப் மெக்ஸெஸ், ஜிப்ரில் சிசே ஆகியோரும் இங்கே வளர்ந்தவர்களே. 1998-இல் உலகக் கோப்பை வென்ற பிரெஞ்சு அணியில் தியோமெத், ஸ்டெஃபான் கிவார்ஷ், கோல்காப்பாளர் லியோனெல் ஷார்போனியே என மூவர் ஓசேர்க்காரர்கள்.

வெளியிலிருந்து எடுத்தவர்களிலும் ரூவின் கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருந்தது. முதல் பிரிவுக்கு ஏறிய 1980-இலேயே போலந்தின் அந்திரெய் ஷார்மாக்கைக் கொண்டுவந்தார். முப்பது வயதை எட்டவிருந்த அந்த முன்கள வீரர் ஐந்து பருவங்களில் லீக்கில் 94 கோல்கள் அடித்தார்.

ஐரோப்பாவிலும் 1996-இலும்

1984-இல் லீக்கில் மூன்றாம் இடம் பிடித்து முதன்முறையாக ஐரோப்பியப் போட்டிக்குத் தகுதி பெற்றது. மறு ஆண்டு மிலானைத் தன் ஊரில் 3-1 என்று வென்று, இத்தாலியில் 0-3 என்று தோற்று வெளியேறியது. 1993 யூஈஎஃப்ஏ கோப்பையில் அயாக்ஸை வீழ்த்தி அரையிறுதிக்குப் போனது. அங்கே டோர்ட்முண்டிடம் 0-2 என்று தோற்று, ஓசேரில் 2-0 என்று திருப்பிக் கொடுத்து, பெனால்டி உதைகளில் 5-6 என்று இழந்தது. இறுதிக்கு இவ்வளவு அருகில் ஓசேர் மறுபடி போகவில்லை.

அடுத்த ஆண்டு பிரெஞ்சுக் கோப்பை இறுதியில் மொன்பெலியேயை 3-0 என்று வென்று முதல் பெருங்கோப்பையைக் கையில் எடுத்தது. 1995-96 பருவம் உச்சம். தடுப்பாட்டத்தில் லொரான் பிளானும் நைஜீரியரான தரிபோ வெஸ்ட்டும், நடுவில் கொரான்தான் மார்டின்ஸ், சப்ரி லமூஷி, அல்ஜீரியரான மூசா சயிப், முன்னால் லிலியான் லஸ்லாந்த். பிளான் செயின்ட்-எட்டியெனிலிருந்து வந்து ஒரே பருவம் ஆடிவிட்டு பார்சிலோனா போய்விட்டார்; அந்த ஒரு பருவம் போதுமானதாக இருந்தது. பாரிஸ் செயின்ட்-ஜெர்மேனைப் பின்னுக்குத் தள்ளி லீக்கை வென்ற ஓசேர், கோப்பை இறுதியில் மூன்றாம் அடுக்கு அணியான நீமை 2-1 என்று வென்றது. ஒரே ஆண்டில் இரட்டைப் பட்டம்.

அதனால் கிடைத்த சாம்பியன்ஸ் லீக் வாய்ப்பில் அயாக்ஸ், கிராஸ்ஹாப்பர், ரேஞ்சர்ஸ் இருந்த குழுவில் முதலிடம் பெற்றது. அயாக்ஸை அதன் சொந்த ஊரிலேயே 2-1 என்று வென்றது. காலிறுதியில் மறுபடியும் டோர்ட்முண்ட். வெளியூரில் 1-3. சொந்த ஊரில் லஸ்லாந்த் முதுகைக் காட்டித் தலைக்கு மேலாகக் காலை வீசி அடித்த அற்புதமான கோலை நடுவர் செல்லாது என்றார். ஆட்டம் 0-1 என்று முடிந்தது. அந்த ஆண்டின் ஐரோப்பிய சாம்பியன் டோர்ட்முண்ட்தான். அந்தத் தீர்ப்பை ஓசேர் ரசிகர்கள் இன்னும் ஏற்கவில்லை. ஏற்காததில் நியாயம் உண்டு.

ரூவின் கடைசிக் கோப்பைகள்

2000-இல் ரூ பொறுப்பை ரோலானிடம் கொடுத்தார். ஓர் ஆண்டில் திரும்பி வந்தார். 2001 இறுதியில் இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டும் விடவில்லை. 2002 அக்டோபரில் லண்டனின் ஹைபரி அரங்கில் ஆர்சனலை 2-1 என்று வென்றார்கள். 2003 கோப்பை இறுதியில் பாரிஸ் செயின்ட்-ஜெர்மேனுக்கு எதிராகப் பின்தங்கியிருந்து, சிசேயின் கோலால் சமன் செய்து, ஜான்-ஆலன் பூம்சோங் கடைசி நேரத்தில் அடித்த கோலால் வென்றார்கள். 2005-இல் செதானுக்கு எதிரான இறுதியிலும் வெற்றி 2-1. கடைசி கோல் பொனவெந்துர் கலூவுடையது. அதோடு ரூ விலகினார். முதல் பிரிவில் ஓசேருக்காக அவர் நடத்திய ஆட்டங்கள் 890. 2007-இல் லான்ஸ் அணிக்குப் போய் நான்கே ஆட்டங்களில் திரும்பிவிட்டார்.

இறக்கமும் ஏற்றமும்

ரூவுக்குப் பிறகு பயிற்சியாளர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஜான் ஃபெர்னாந்தெஸ் 2010-இல் அணியை லீக்கில் மூன்றாம் இடத்துக்குக் கொண்டுவந்தார். சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் ஜெனிட் தோற்றது. ரியல் மாட்ரிட், மிலான், அயாக்ஸ் இருந்த குழுவில் ஓசேர் கடைசி. அதற்குள் நிர்வாகத்தில் பூசல் மூண்டு, அமெலின் நீண்ட தலைமை முடிந்திருந்தது. ஃபெர்னாந்தெஸும் 2011-இல் போய்விட, 2012-இல் அணி லீக்கில் கடைசி இடம் பிடித்து இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. ஒளிபரப்புப் பணம் பெருகி, ஆட்டக்காரர்களின் விலை ஏறிய காலத்தில் சிறு ஊர் அணிக்கு நெருக்கடி வந்தே தீரும். ஆனால் ஓசேரை அதுவரை காத்தது பொறுமை. அதைக் கைவிட்டதே பெரிய இழப்பு.

இரண்டாம் பிரிவில் பத்தாண்டுகள் கழிந்தன. 2015-இல் கோப்பை இறுதிக்கு வந்து பாரிஸ் செயின்ட்-ஜெர்மேனிடம் 0-1 என்று தோற்றது. 2016-இல் சீனத் தொழிலதிபர் ஜேம்ஸ் ஜோ கழகத்தின் பெரும்பங்கை வாங்கினார். 2022-இல் ஜான்-மார்க் ஃபுர்லானின் அணி, பத்துமுறை லீக் வென்ற செயின்ட்-எட்டியெனை அதன் அரங்கிலேயே பெனால்டி உதைகளில் வென்று முதல் பிரிவுக்கு ஏறியது. லீக்கில் அணிகளை 20-லிருந்து 18-ஆகக் குறைப்பதற்காக நான்கு அணிகள் இறக்கப்பட்ட 2023-இல், 17-ஆம் இடத்தில் முடித்த ஓசேரும் இறங்கியது. ஆனாலும் அப்போதைய பயிற்சியாளர் கிறிஸ்தோஃப் பெலிஸியேயைக் கழகம் நீக்கவில்லை. அவரே 2024-இல் இரண்டாம் பிரிவுப் பட்டத்தோடு அணியை மேலே கொண்டுவந்தார்; 2024-25 பருவத்தில் ஓசேர் முதல் பிரிவில் 11-ஆம் இடம் பெற்றது.